சவரிராயன் கண்ட புகை டேங்க்

தருமபுரி தனி மாவட்டமாகப் பிறந்து இன்னும் முதல் மொட்டைகூட அடிக்கவில்லை. அதற்குள் உலக நாகரிகத்துக்கு ஒரு கொடை வழங்கிவிட்டது. மற்ற மாவட்டங்கள் அணை கட்டின, ஆலை கட்டின, பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டின. தருமபுரி மாவட்டம், சக்கரம் வைத்த சீமெண்ணெய் டேங்க் ஒன்றில் ஒரு வெள்ளாட்டுக் கிடாயை முழுசாகப் புகை போட்டுக் காட்டியது. கல்வெட்டில் ஏறவேண்டிய சாதனை இது. கல்வெட்டு வைக்கும் வசதி உள்ளவர்கள் அன்றைக்கு வேறு வேலையாக இருந்துவிட்டதால் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

சாதனையாளர் பெயர் சவரிராயன். இண்டூருக்கு அப்பால், பஸ் போகிற ரோட்டை ஒட்டிய வேதக்காரர் ஊரில், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர் ஊரில், கேழ்வரகும் அவரையும் போட்டுப் பிழைக்கிற குடியானவர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து அசாம் காட்டில் ரோடு போட்டவர். போட்ட ரோட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ரோட்டோரத்தில், முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காக்காரர்கள் முகாமில் நின்ற ஒரு டேங்கைப் பற்றித்தான் பேசினார். இருபது வருஷமாக, தினமும், நஞ்சப்பன் டீக்கடையில்.

“டேங்க்குன்னா சண்டை போடற டேங்க் இல்லீங்க. எண்ணெ டேங்க். படுக்க வச்சு, அடியில ரெண்டு சக்கரம். உள்ளார முழு மாடு. சட்டி கிடையாது, தண்ணி கிடையாது, மசாலா கிடையாது. வெறும் புகை. தொறந்தான்னா எலும்பு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம் தானா கழண்டு நிக்கும்.”

நஞ்சப்பன் டீயை ஆற்றிக்கொண்டே ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வார்: “சுள்ளு.”

ஊரில் வேதக்காரர் அல்லாத ஒரே வீடு நஞ்சப்பனுடையது. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ். கன்னடத்தில் பொய்க்குச் சுள்ளு என்று பெயர். நாளடைவில் ஊரே அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டது. சாதாரணப் பொய்களுக்குத் தமிழே போதும். சவரிராயன் வாயைத் திறந்தால் மட்டும் கன்னடம். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சரித்திரத்தின் நலன் கருதி ஒரு சின்ன விவரத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த அமெரிக்க டேங்கிலிருந்து சவரிராயன் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மோந்ததோடு சரி. ஆனால் அந்த மோப்பம் அவர் மூக்கைவிட்டு இறங்கவே இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த எண்ணெய்கூட அவர் மேல் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்காது.

அந்த வருஷம் தபசு நோன்புக் காலத்தில் அரூர் போகிற பஸ் ஒன்று நம் ஊர் எதிரில் டயர் வெடித்து நின்றது. இறங்கி டீ குடிக்க வந்த பயணி ஒருவர் சவரிராயன் கதையை வாய் பிளந்து கேட்டார். இருபது வருஷத்தில் முதல் முதலாக நம்புகிற ஒரு முகம்! சவரிராயன் குரல் ஏறியது. புகை இன்னும் அடர்ந்தது. அப்போது நஞ்சப்பன் அந்தப் பயணியிடம், “டீக்குத்தாங்க காசு. சுள்ளு இனாம்” என்றார். கடையே சிரித்தது. கடைசியில் அந்தப் பயணியும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. சவரிராயன் கிளாஸை வைத்தார்.

“கட்டிக் காட்டட்டுமா?”

“என்னாத்த?”

“டேங்க்க. சக்கரத்தோட.”

இரண்டு பேர் சேர்ந்தால் கமிட்டி போடுகிற காலம் அது. டீ ஆறுவதற்குள் ஐவர் கமிட்டி அமைந்துவிட்டது. தலைவர் கோயில் உபதேசியார் சவுரியப்பன். அங்கத்தினரில் நஞ்சப்பனும் ஒருவர். பந்தயம் கட்டியவரே நீதிபதியாகவும் உட்காரலாமா என்ற கேள்வி எழவில்லை. கூட்டத்துக்கு டீ அவருடையது. மீதி மூவரும் ஊர் வேதக்காரர்கள். தீர்மானத்தை உபதேசியார் கல்யாண ஓலை வாசிக்கிற ராகத்தில் அறிவித்தார்:

“மேற்படி சவரிராயன், மேற்படி டேங்கைச் செய்து, சட்டி, தண்ணீர், மசாலா முதலான ‘வெளி உதவிகள்’ இன்றிக் கறியை வேகவைத்து, எலும்பு தானாகக் கழன்று, கமிட்டி ருசி பார்த்துத் திருப்தியடைந்தால், நஞ்சப்பன் தன் கடையில் சபையறிய ‘சவரிராயன் சொன்னது நிஜம்’ என்று சொல்லவேண்டியது. தவறினால் சவரிராயன் ஆயுள் உள்ளவரை அக்கடையில் பட்டாளத்துப் பேச்சை எடுக்கக்கூடாது.”

நாள், ஆண்டவர் மோட்சத்துக்கு எழுந்தருளிய ஆரோகணத் திருநாள். ஊரே பூசைக்கு வரும், யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள், புகையும் மேலே எழுந்தருள ஏற்ற நாள் என்று உபதேசியார் விளக்கினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஆயுள் முழுக்க அந்தக் கடையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கவேண்டும் என்றால் சவரிராயனுக்கு அது பாதித் தூக்கு. வீட்டுக்குப் போய் மனைவி மிக்கேலம்மாளிடம் அவளுடைய கிடாயைக் கேட்டார்.

“ஏங்க, அது பாஸ்குத் திருநாளுக்கே நான் அறுக்க வுடாத கிடாயிங்க.”

“மானம் போவுது மிக்கேலு.”

“இருபது வருசமா அந்த டேங்க்கு நம்ப வூட்ல நமக்கு நடுவுல படுத்திருக்குது. இதோட அது எந்திரிச்சுப் போவும்னா ஓட்டிக்கிட்டுப் போங்க” என்றாள் மிக்கேலம்மாள்.

டேங்க் தருமபுரியில் கிடைத்தது. தெருத்தெருவாகச் சீமெண்ணெய் விற்ற மாட்டு வண்டியின் உருளை டேங்க், தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுப் பழைய இரும்புக் கடையில் படுத்திருந்தது. அதைச் சமையல் யந்திரமாக உயர்த்த வேண்டிய பொறுப்பு கேஸ் வெல்டிங் சர்தாருக்கு வந்தது. சர்தாரின் வெல்டிங்குக்கு லாரிக்காரர்கள் ஓசூரிலிருந்து வருவார்கள். அது நமக்குத் தெரியாமல் போகாமல் சர்தாரே பார்த்துக்கொள்வார்.

“என்னா கறிங்க போடப் போறீங்க?” என்றார் சர்தார்.

“ஆட்டுக் கறிதான் பாய்.”

“பன்னின்னா என் டார்ச்சு பத்தாதுங்க. சொல்லிட்டேன்.”

“கிடாயிங்க. உங்க மச்சான் அப்துல் ஷுக்கூரே வந்து அறுக்கட்டும். நீங்களும் வந்து உக்காந்து சாப்புடணும்.”

சர்தார் குளிர்ந்துபோனார். ஒரு பக்கம் கதவு, அடியில் கட்டை எரிய ஒரு நெருப்புப் பெட்டி, மேலே புகைப்போக்கி என்று வேலை மளமளவென்று நடந்தது. நெருப்புப் பெட்டியில் காற்றுக்கு நாலு ஓட்டை வேண்டாமா என்று சவரிராயன் கேட்டபோதுதான் சர்தார் டார்ச்சை அணைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

“ஓட்டையா? பொறந்ததுலேர்ந்து ஓட்டைய அடைக்கிறேன் நானு. லாரிக்காரன், பஸ்காரன், மருந்தடிக்கிற மிசினுக்காரன் எல்லாம் எதுக்கு சர்தாரைத் தேடி வர்றான்? ஓட்டை போடறதுக்கு சர்தார் எதுக்குங்க? ஆணியும் சுத்தியும் போதாதா?”

“இல்ல பாய், காத்து…”

“அமெரிக்காக்காரன் டேங்க்குல ஓட்டை இருந்துச்சா?”

சவரிராயன் யோசித்தார். அசாமில் வேலியோரம் புல் முழங்கால் உயரம். “அடிப்பக்கம் தெரியலீங்க பாய்.”

“அப்ப இல்ல” என்றார் சர்தார். இரண்டு நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மூன்றாவது ஆள் பேச என்ன இருக்கிறது?

டயர் வண்டியின் மேல் டேங்க் ஏறியது. சக்கரம் எதற்கு, அது எங்கே போகப்போகிறது என்று யாராவது கேட்டால் சவரிராயன், “எங்க வேணும்னாலும் போவும்” என்றார். அமெரிக்க டேங்குக்குச் சக்கரம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அவரிடம் இல்லை. மாடு கட்டி ஊருக்கு ஓட்டி வந்தார். அந்தப் பயணத்தில் ஒரு தொல்லை. சீமெண்ணெய்க்கு நாடே தவித்துக்கொண்டிருந்த நேரம். இண்டூர் எல்லையில் டேங்க் தலை காட்டியதும் ஒரு பெண் கத்தினாள்: “சீமெண்ண வண்டி வந்துருச்சிடீ!” அடுத்த நிமிஷம் பாட்டில், டின், சொம்பு என்று, குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற சங்கு தவிர மற்ற எல்லாப் பாத்திரமும் வரிசையில் நின்றன.

சவரிராயன் வண்டிமேல் எழுந்து நின்று, “இது சீமெண்ண இல்லீங்க. நடமாடும் புகைச்சமையல் யந்திரம். கறி வேகவைக்கிறது” என்று பொதுமக்களுக்கு விளக்கினார்.

“சீமெண்ணயிலயா?” என்று முன்னால் நின்ற அம்மாள் கேட்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, “பதுக்கறாண்டி! கள்ள மார்க்கட்டுக்காரன்!” என்றாள். கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்க்கவைத்த பிறகுதான் மாடு நகர முடிந்தது. விஞ்ஞானத்துக்கு வழியெல்லாம் இப்படித்தான் இடையூறு.

வீட்டில் மிக்கேலம்மாள் சாம்பலும் சீயக்காயும் போட்டு, சீமெண்ணெய் வாசம் போகும்வரை டேங்கை உள்ளே உட்கார்ந்து தேய்த்தாள். பிள்ளைகளைக்கூட அவள் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

ஆரோகணத் திருநாள் வந்தது. பூசை முடிந்து கோயில் மைதானத்தில் ஊர் கூடியது. பங்குச் சாமியார் டேங்குக்குத் தீர்த்தம் தெளித்தார். அப்துல் ஷுக்கூர் அறுத்துக் கொடுத்த கிடாய், உப்பு மட்டும் தடவி உள்ளே தொங்கியது. உப்பு ‘வெளி உதவி’ ஆகாதா என்று நஞ்சப்பன் ஆட்சேபம் கிளப்பி, அது தள்ளுபடியாயிற்று. புளியங்கட்டை போட்டு நெருப்பு மூட்டி எல்லாக் கதவையும் சாத்தினார்கள். புகைப்போக்கியில் ஒரு கட்டுப் புகை குபுகுபுவென்று எழுந்தது. ஊர் கைதட்டியது. புகை நின்றது.

“பாத்தீங்களா?” என்றார் சர்தார், கூட்டத்தைப் பார்த்து. “ஒரு பொட்டுப் புகை வெளிய வருதா? அதாங்க வெல்டிங்!”

ஊர் இன்னொரு தடவை கைதட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே நெருப்பு செத்துப்போயிருந்தது. மறுபடி மூட்டினார்கள்; மறுபடி செத்தது. மத்தியானம் ஆயிற்று. கமிட்டிக்குப் பசி. மிக்கேலம்மாள் வீட்டிலிருந்து களியும் கீரைக்கடைசலும் கொண்டுவந்து எல்லோருக்கும் போட்டாள். நஞ்சப்பன் களியை உருட்டிக்கொண்டே, “சவரிண்ணா, பட்டாளத்துல பேசாம இருக்கச் சொல்லிக் குடுத்தாங்களா? இல்லாட்டி நாளையிலேர்ந்து நான் சொல்லித் தர்றேன்” என்றார்.

சவரிராயனுக்குக் காது மடல் எரிந்தது. கடப்பாரையை எடுத்தார். சர்தார் கதறக் கதற, நெருப்புப் பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கிக் குத்தினார். சொருகி எடுத்ததும் காற்று உள்ளே போகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கட்டை சிவந்து பற்றியது.

சர்தார் துண்டை உதறித் தோளில் போட்டார். “எவ்வளவோ லாரிங்க கவுந்து பாத்திருக்கேன். என் வெல்டிங் வுட்டதில்ல. அதுல கடப்பாரை வச்ச ஆளு வூட்டுக் கறி எனக்கு வாணாங்க.” மச்சானையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிட்டார். சவரிராயன் பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார். பஸ் நிற்கவில்லை.

யந்திரத்தின் ‘நடமாட்டத்தை’யும் நிரூபிக்க வேண்டியிருந்ததால், எரிகிற டேங்கில் மாடுகளைப் பூட்டினார்கள். மாடுகள் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு நுகத்தடியோடு படுத்துக்கொண்டன. கமிட்டி நடமாட்டத்தை ஒத்திவைத்தது.

பொழுது சாயும்போது கறி இன்னும் ரப்பர். ஊர் படுக்கப் போயிற்று. சவரிராயன் மட்டும் கட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடியக்காலை கோயிலில் திரிகால ஜெப மணி அடித்தபோது கதவைத் திறந்தார். மணிக்கு எழுந்து வந்த ஊரும் பக்கத்தில் நின்றது.

அசாம் வந்து இறங்கியது. அதே வாசனை, அதே நிறம். தொடை எலும்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். உறையிலிருந்து கத்தி வருவதுபோல் எலும்பு தனியாக வந்தது, கறி அப்படியே நின்றது. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். சவரிராயனுக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதார். ஒரு துண்டைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனார்.

மிக்கேலம்மாள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். “ஏங்க! வெள்ளிங்க இன்னிக்கு!”

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், வேதக்காரர் கறி தொட்டால் பாவம். அது மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஆரோகணத் திருநாள் வருஷா வருஷம் வியாழக்கிழமையில்தான் வரும் என்பது உபதேசியாருக்கு மனப்பாடம். வியாழனுக்கு அடுத்தது வெள்ளி என்பதும் அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கும்படி கமிட்டி அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கறி ஒரு ராத்திரி தாண்டி வேகும் என்று கண்டவர் யார்?

சாமியாரிடம் ஓடினார்கள். அவர் டேங்க் வரைக்கும் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, சற்று அதிக நேரமே பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேற்றிராணியார் அனுமதி வேணும். பிஷப் ஆண்டவரு சேலத்துல இருக்காரு. நீ போய் வாங்கியாறதுக்குள்ள சனிக்கிழமை வந்துடும். சனிக்கிழமைக்கு அனுமதியே வேண்டாம்.”

“ஒரே துண்டு சாமி.”

“ஒரு துண்டும் கறிதான்பா.”

“மோந்துக்கலாங்களா?”

“மூச்சை அடக்கிக்கன்னு திருச்சபை சொல்லல” என்றார் சாமியார். டேங்குப் பக்கமிருந்து காற்று வருகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு ஜெபப் புத்தகத்தை விரித்தார். மத்தியானம் வரை பக்கம் புரளவில்லை.

அப்படியே மூடிவைத்து நாளைக்கு ருசி பார்ப்போம் என்று உபதேசியார் முடிவெடுத்தார். அப்போதுதான் நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு எனக்குச் சனிக்கிழமைங்க. ஆஞ்சநேயருக்கு வுட்ட நாளு. கறி தொடமாட்டேன். நான் ருசி பாக்காம தீர்ப்பு எப்படிச் சொல்றது? பாத்தா இன்னிக்குத்தான்.”

கமிட்டி கூடியது. ஐவரில் நால்வர் திருச்சபையால் தகுதியிழந்திருந்தார்கள். சர்தார் இருந்திருந்தால் இன்னொரு சாட்சி இருந்திருக்கும். அவரைக் கடப்பாரையால் இழந்தாயிற்று. எஞ்சிய ஒரே தகுதியான நாக்கு நஞ்சப்பனுடையது. இருபது வருஷமாகச் சவரிராயனைப் பொய்யன் என்று சொன்ன நாக்கு. வேறு வழி? “ஒரு துண்டு” என்று சிபாரிசு செய்து கமிட்டி கலைந்தது.

நஞ்சப்பன் வாழையிலை போட்டு உட்கார்ந்தார். தொடையில் ஒரு துண்டு வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நாம் எல்லோரும் அவர் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கினோம்.

“எப்படிங்க?” சவரிராயன் இலைக்கு மேல் குனிந்தார்.

“தொடை ஒண்ணு சொல்லுது. நெஞ்சுக் கறி என்னா சொல்லுதுன்னு கேக்கணும்ல?”

நெஞ்சைக் கேட்டார். விலாவைக் கேட்டார். முன்னங்கால் சொன்னதைப் பின்னங்கால் மறுத்ததால் இரண்டையும் மறுபடி விசாரித்தார். பெண்டாட்டியைக் கேட்காமல் தான் எதுவும் செய்ததில்லை என்று அவளையும் கூப்பிட்டார். ராயக்கோட்டையில் இருந்த சம்பந்தி வீட்டுக்கு முதல் பஸ்ஸிலேயே ஆள் போயிருந்தது. மத்தியானப் பஸ்ஸில் சம்பந்திகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். எல்லோரும் கன்னடத்தில் தின்றார்கள். ஊர் தமிழில் நின்றது. அசாமில் வேலிக்கு வெளியே நின்று மோந்த சவரிராயன், சொந்த ஊரில், சொந்த டேங்குக்குப் பக்கத்தில், சொந்தக் கிடாயை மறுபடியும் நின்று மோந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை வேலிகூட இல்லை. அவருக்கு வயிறு எரிந்தது. இதை இன்னும் நாகரிகமாகச் சொல்ல வழியில்லை.

சாயங்காலம் நஞ்சப்பன் கை கழுவிக்கொண்டு கடை வாசலில் நின்றார். சபையறியச் சொன்னார்: “சவரிண்ணா சொன்னது நிஜம். அத்தனையும் நிஜம்.” சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மனிதர் நாணயஸ்தர்.

“மீதி கறி?” என்றார் உபதேசியார்.

“மீதி வச்சுட்டுத் தீர்ப்பு சொன்னா முழுசா விசாரிக்கலன்னு ஆயிடாதுங்களா?”

இப்படியாகச் சவரிராயன் ஜெயித்தார். மாவட்டத்திலேயே கமிட்டி போட்டு உண்மை பேசுபவர் என்று நிரூபிக்கப்பட்ட மனிதர் அவர் ஒருவர்தான். இரண்டாவது கிடாய்க்கு மிக்கேலம்மாள், “என்னைத் தாண்டித்தான் போவணும்” என்று தொழுவத்தின் முன் நின்றுவிட்டதால் யந்திரம் மறுபடி எரியவில்லை. அதில் கோழிகள் அடைகின்றன. கடப்பாரை ஓட்டையால் காற்றோட்டம் மிக நன்று.

ஆனால் ஒன்று நடந்தது. கதை கைமாறிவிட்டது. டேங்க் கதையை இப்போது நஞ்சப்பன் சொல்கிறார். தின்ற வாயல்லவா, சவரிராயனைவிட நன்றாகவே சொல்கிறார். வாயில் வைத்ததும் கரைந்தது, புளியங்கட்டைப் புகை தொண்டை வரை இனித்தது என்று அவர் சொல்லும்போது ஈ மொய்ப்பதுகூடத் தெரியாமல் ஆட்கள் கேட்பார்கள். சவரிராயன் “அசாம்ல…” என்று ஆரம்பித்தால், “இருங்கண்ணா, நான் சொல்றேன்” என்று அன்போடு நிறுத்திவிடுவார். பட்டாளத்துப் பேச்சு பேசுகிற உரிமை சவரிராயனிடம் இருந்தது, கேட்பவர்கள்தான் இல்லை.

சில வருஷம் போயிற்று. ஒரு நாள் பஸ்ஸில் வந்த ஒருவர் நஞ்சப்பன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சந்தேகத்தோடு மூலைப் பெஞ்சுக்காரரைப் பார்த்தார். “ஏனுங்க, நீங்கதான செஞ்சீங்களாம்? நெசங்களா?”

கடை முழுக்கச் சவரிராயனைத் திரும்பிப் பார்த்தது. நஞ்சப்பன் பெருமையோடு டீயை ஆற்றிக்கொண்டே தலையசைத்தார். சவரிராயன் கிளாஸைக் கீழே வைத்தார்.

“சுள்ளுங்க” என்றார்.

கடை வெடித்துச் சிரித்தது. நஞ்சப்பன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் தின்றதைக் கண்ணால் பார்த்த நாம்தான் அதிகமாகச் சிரித்தோம். நம் வாய்க்கு எட்டாத கறி அவ்வளவு ருசியாக இருந்தது என்பதைவிட, இல்லவே இல்லை என்பது நமக்கும் சௌகரியமாக இருந்தது. இருபது வருஷம் அந்த மனிதர் உண்மையைச் சொன்னார், ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஆயுளில் ஒரே ஒரு பொய் சொன்னார்; யாரும் கமிட்டி கேட்கவில்லை.